ஒளிரும் மீன் ஏரிக்குப் போனால்?

முத்தாபுதுப்பேட்டை மாணவர்களே! உங்கள் தொட்டியில் சிவப்பாக ஒளிரும் ஜீப்ரா மீன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடல் பவள இனத்தின் மரபணு புகுத்தப்பட்ட மீன் அது. மழைவெள்ளத்தில் ஏரிக்குப் போய்விட்டால்?

2003-இல் அமெரிக்காவில் இது விற்பனைக்கு வந்தபோது, குளிரில் பிழைக்காது என்று சமாதானம் கூறப்பட்டது. நம் ஆவடிப் பக்கம் ஏது அந்தக் குளிர்!

பர்டியூ பல்கலைக்கழகத்தில் இதனைச் சாதாரண ஜீப்ரா மீன்களோடு பதினைந்து தலைமுறை சேர்த்து வளர்த்தார்கள். பெண் மீன்களுக்குச் சிவப்பு ஆணையே பிடித்திருந்தது. ஆனால், சாதாரண ஆண்கள் விரட்டியடித்தன. ஏறக்குறைய எல்லாத் தொட்டிகளிலும் சிவப்பு மறைந்தது. கங்கைச் சமவெளியில் வாழும் ஜீப்ரா மீன்களுக்கு இது ஓரளவு ஆறுதல்.

பிரேசிலில் ஜீப்ரா மீன் பூர்வீக இனமன்று; விரட்டச் சொந்த உறவினர் இல்லை. அங்குள்ள ஓடைகளில் ஒளிரும் மீன்கள் இனம்பெருக்குவதை 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது.