குட்டிப் பாம்புக்குக் குளிருமா?

மார்கழி விடியற்காலையில் மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு நடை போய்ப் பாருங்கள். வெப்பம் 21 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அதற்கே மங்கி கேப், சால்வை சகிதம் மாமாக்கள் காட்சி தருவார்கள். ஊர் குளிர்ந்தாலும் நம் உடம்பு 37 டிகிரியில் நிற்கும். சால்வை ஒரு சௌகரியம். பாம்புக்கு அந்த வரம் கிடையாது. அறையின் சூடுதான் அதன் உடம்புச் சூடு.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்றால், லவ் பேர்ட்ஸ் வளர்த்த வீடுகளில் 'பால் பைத்தான்' நுழைந்துகொண்டிருக்கிறது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, விஷமில்லாத சின்ன மலைப்பாம்பு. பயந்தால் பந்துபோல் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும், பெயர்க்காரணம் அதுதான். அடையாறிலோ தி.நகரிலோ உங்கள் பிள்ளை மொபைலை நீட்டி, "ஒண்ணு வாங்கிக் குடும்மா" என்றால், ஹீட்டருக்கு முன்னால் ஆவணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

நல்லபாம்பு, சாரை, நம்மூர் மலைப்பாம்பு இவற்றை வீட்டில் வைத்திருப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைக்கு வழி. வெளிநாட்டு இனமென்று பால் பைத்தானும் தப்பவில்லை. 2022-ல் வந்த சட்டத் திருத்தமும் 2024-ல் வந்த விதிகளும் அதை மத்திய அரசின் 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. கைக்கு வந்த 30 நாட்களுக்குள். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் இந்தக் குட்டிகளைச் சென்னை விமான நிலையச் சுங்கத் துறையினர் பலமுறை பிடித்திருக்கிறார்கள். "பேப்பர் அப்புறம் தர்றோம்" என்று விற்பவர் சொன்னால் அங்கேயே ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள். இன்னொன்று, இது 20, 30 வருடம் வாழும். பிள்ளை அமெரிக்கா போனபின் எலி போடப்போவது நீங்கள்தான்.

சரி, முறையான ஆவணத்தோடு குட்டி வந்துவிட்டது. நீளம் ஓர் அடிக்குக் கொஞ்சம் கூட. பெரிய கண்ணாடித் தொட்டி பார்க்க அழகு. ஆனால் குட்டிக்குத் திறந்தவெளி என்றால் பயம். ஒளிய இடமுள்ள சின்னப் பெட்டிதான் அதற்கு நிம்மதி. அதில் ஒரு சங்கடம், சின்னப் பெட்டி சீக்கிரம் சூடேறும், முழுசாகச் சூடேறும். பாம்பு தப்பித்து நகர ஒரு மூலை மிஞ்சாது.

அது கேட்பதோ இரண்டு விதச் சூடு. ஒரு பக்கம் 31, 32 டிகிரி. மறுபக்கம் 25 முதல் 27. இரை தின்றதும் சூடான பக்கம் வந்து படுக்கும், போதுமென்றால் நகரும். உடம்பு குளிர்ந்துபோனால் விழுங்கிய எலி செரிக்காமல் அழுகி, வாந்தியாக வெளியே வரும். குட்டிகளை இது படுத்திவிடும்.

அதனால் ஹீட் மேட்டைப் பெட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் கீழே வையுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் கரண்ட் கொடுக்கவே கூடாது. உள்ளே பல்பு தொங்கவிடுவதும், சூடாகும் செயற்கைப் பாறையும் வேண்டாம். வயிறு வெந்து புண்ணாகும்வரை பாம்பு அதன்மேலேயே படுத்திருக்கும். இரண்டு முனைக்கும் தனித்தனி தெர்மாமீட்டர். தொட்டுப் பார்த்துச் சூடு சொல்வதெல்லாம் இட்லிப் பானையோடு சரி.

பாம்புகளில் ஒரு விதிவிலக்கு உண்டு. கிண்டி சிறுவர் பூங்காவை ஒட்டி, ரோமுலஸ் விட்டேகர் 1972-ல் அமைத்த பாம்புப் பண்ணையில் இந்திய மலைப்பாம்பைப் பார்த்திருப்பீர்கள். தாய் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசைகளை விட்டுவிட்டுத் துடிக்க வைத்துத் தன் உடம்பைத் தானே சூடாக்கும். சுமார் இரண்டு மாதம் இந்த நடுக்கம், பெரும்பாலும் பட்டினியோடு. குட்டி பொரிந்ததும் தாயின் ஹீட்டர் நின்றுவிடும்.

நெட்டில் பாடம் நடத்துபவர் பெரும்பாலும் வெளியே பனி கொட்டும் ஊரில் இருக்கிறார். சென்னைக் கணக்கே வேறு. இங்கே ஹீட்டருக்கு நிஜமான வேலை மார்கழி, தை இரவுகளிலும் ஏ.சி. அறையிலும்தான். 23-ல் ஏ.சி. ஓடும் படுக்கையறை என்றால் மே மாதத்திலும் மேட் வேண்டும்.

ஏ.சி. இல்லாத மொட்டைமாடிக்குக் கீழ் அறைதான் எனக்குக் கவலை. 2003 மே 31 அன்று இந்த ஊர் 45 டிகிரியைத் தொட்டது. பெட்டிக்குள் 35-ஐத் தாண்டினாலே குட்டியின் உயிருக்கு ஆபத்து. தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைக்கும். குளிரவைக்க அதற்குத் தெரியாது. கத்திரி வெயிலில் பெட்டியை வீட்டின் உள்ளறையில் தரையில் வையுங்கள். பாம்பு இறங்கி ஊறுமளவு தண்ணீர்க் கிண்ணம் இருக்கட்டும். துணியில் சுற்றிய ஐஸ் பாட்டிலைப் பெட்டிக்கு வெளியே ஒரு பக்கம் சாய்த்து வைக்கலாம். ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் கூடவே கூடாது.

மழைக்காலத்தில் வேறு பிரச்னை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சில பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஆனால், வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, அதையும் பெட்டிக்கு வெளியே ஒரு பக்கம் வையுங்கள். எலி மட்டும் கொடுக்காதீர்கள். பட்டினி கிடப்பது பாம்புக்குப் பழக்கம்தான். கரண்ட் வந்து, சூடான பக்கம் மறுபடி 31-க்கு ஏறி, ஒரு நாள் போகட்டும். பிறகு கொடுக்கலாம்.