புகை வேறு, நிகோட்டின் வேறு

முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் வலைவீசும் மீனவரிடம் "பீடியை விடுங்கள்" என்று அறிவுரை கூறுதல் எளிது. அவரைப் பிணித்திருப்பது நிகோட்டின். அவர் நுரையீரலைக் கெடுப்பதோ பெரிதும் இலை எரிந்தெழும் தாரும் நச்சு வாயுக்களுமே. 1976-இல் பிரித்தானிய மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல் இவ்வேறுபாட்டை வலியுறுத்தினார். இவ்வேறுபாட்டையே அடிப்படையாகக் கொண்டது, புகையை நீக்கி நிகோட்டினை மட்டும் சிறிது காலம் அளிக்கும் முறை.

இம்முறைக்கு வித்திட்டதும் கடலே. சுவீடன் நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்களில் புகைக்க இயலாத மாலுமியர் புகையிலையை மெல்வதை 1967-இல் ஆய்வாளர் ஒருவர் எழுதியறிவித்தார். அதன் வழியே நிகோட்டின் சூயிங்கம் உருவாயிற்று. அவ்வாறாயின் குட்காவே போதுமே என எண்ணற்க! நம் நாட்டு மெல்லும் புகையிலை வாய்ப்புற்றுநோய் தருவது. மின் சிகரெட்டோ 2019 முதல் இந்தியாவெங்கும் தடைசெய்யப்பட்டுள்ளது.

சூயிங்கத்தை மிட்டாய்போல் விடாது மென்றால் குமட்டலும் விக்கலுமே மிஞ்சும். காரம் தோன்றும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் அடங்கியபின் மீண்டும் மெல்லுதல் வேண்டும். வெற்றிலை ஒதுக்கிப் பழகிய நம்மவர்க்கு இதனைக் கற்பிக்கவும் வேண்டுமோ! ஏறத்தாழ 12 வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். இதயநோய் உடையோரும் கருவுற்ற மகளிரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குதல் நன்று.

நிகோட்டின் மாற்று மருத்துவம் 2022-இல் இந்திய இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும், பீடி தெருமுனைப் பெட்டிக்கடையிலேயே கிடைக்க, இதனைத் தேடிச் செல்லவேண்டியுள்ளது. நாட்டுநலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் நம் மாணவர், அருகில் அது எங்குக் கிடைக்கும், என்ன விலை என்பதைக் கேட்டறிந்து செல்வாராக. 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணையும் குறித்துக் கொடுக்கலாம்.