ஃபைபர் படகு கட்டப்போறீங்களா? ரெசின் காய்வதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை என்னென்ன?

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துக்கொண்டே, ஊரில் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ ஒரு புது ஃபைபர் படகு கட்டிக் கொடுக்க நினைக்கும் இளைஞர்கள் கடலோர ஊர்களில் நிறையப் பேர் உண்டு. பட்டறைக்குப் போனதும் வரும் முதல் கேள்வி, ‘எத்தனை அடி?’ அடுத்தது, ‘என்ன இன்ஜின்?’ அப்புறம் கலர், பெயர், அட்வான்ஸ். படகுக்குள் எது எங்கே வரணும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: ‘வழக்கம்போலப் போட்டுடுங்க.’

அந்த ‘வழக்கம்போல’வில்தான் சிக்கலே இருக்கிறது. ஐஸ் பெட்டி, வலை, பெட்ரோல் கேன், பலகை எல்லாம் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் படகு அலையில் நிமிர்ந்து நிற்பதும், மீன் கெடாமல் ஏலத்துக்கு வருவதும், ஆபத்து நேரத்தில் ஆட்கள் தப்பிப்பதும். ரெசின் காய்ந்த பிறகு மாற்றணும் என்றால் கட்டரை எடுத்து அறுக்கணும். அதனால் யோசிக்க வேண்டிய நேரம், ஆர்டர் கொடுப்பதற்கு முந்தைய ஒரு வாரம்தான்.

கட்டுமரத்துக்கு இல்லாத கவலை ஃபைபருக்கு ஏன்?

கட்டுமரத்துக்கு ‘உள்ளே’ என்று ஒன்று கிடையாது. மேலே ஏறும் தண்ணீர் மரங்களின் இடைவெளி வழியாகத் தானாகவே இறங்கிவிடும். கவிழ்ந்தாலும் மரம் மிதக்கும். மர வள்ளத்துக்குள் தண்ணீர் தேங்கும்; ஆனால் முழுக்க நிரம்பினாலும் மரம் லேசில் மூழ்காது.

ஃபைபர் அப்படி இல்லை. ஒரு லிட்டர் அளவுள்ள ஃபைபர் ஏறக்குறைய ஒன்றரை கிலோ இருக்கும். அதாவது, தண்ணீரைவிட கனம். ஃபைபர் படகு மிதப்பதற்குக் காரணம் அதன் கிண்ண வடிவம் மட்டுமே. கிண்ணத்துக்குள் தண்ணீர் புகுந்தால், வேறு ஏற்பாடு இல்லாத படகு மூழ்கும்.

ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடா திட்டத்தில், அலை அடிக்கும் கரையில் ஏறி இறங்கக்கூடிய படகுகளை வடிவமைக்கும் வேலை நடந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரை முழுக்க ஃபைபர் படகுகள் பெருகின. ஒரே மோல்டில் இருந்து பல படகுகள் எடுக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் மோல்டு தருவது வெளித்தோற்றத்தை மட்டும்தான். உள்ளே என்ன வேணும் என்பது, நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. செவுள் வலை போடுகிறவருக்கும், தூண்டில் போடுகிறவருக்கும், நண்டு வலைக்காரருக்கும் ஒரே உள்ளமைப்பு பொருந்தாது.

முதல் வேலை: எடைக் கணக்கு

ஒரு பேப்பரை எடுத்து, கடலுக்குப் போகும் எல்லாவற்றையும் எழுதுங்கள். உதாரணத்துக்கு, நான்கு பேர் போகும் ஒரு செவுள் வலைப் படகு என்று வைத்துக்கொள்வோம்.

ஆட்கள் நால்வர் 280 கிலோ. வெளிப்பொருத்து இன்ஜின் சுமார் 40. பெட்ரோல் 60 லிட்டர் என்றால் ஏறக்குறைய 45. வலை, கயிறு, ஈயம் எல்லாம் சேர்த்து 250. ஐஸ் 200. நங்கூரம், தண்ணீர், சாப்பாடு, சாமான்கள் 60. மொத்தம் 875 கிலோ. திரும்பும்போது 300 கிலோ மீன் கிடைத்தால், பெட்ரோல் முழுக்கத் தீர்ந்திருந்தாலும் 1,100 கிலோவைத் தாண்டிவிடும்.

இனி ஒவ்வொன்றும் எங்கே உட்காரும் என்று பாருங்கள். இன்ஜின் பின்னால்தான். ஓட்டுகிறவரும் அங்கேதான். பெட்ரோல் கேனும் பக்கத்திலேயே. ஐஸ் பெட்டியையும் ‘கைக்கு வசதியா இருக்கட்டும்’ என்று பின்னால் தள்ளினால் என்ன ஆகும்? பின்பக்கம் அமுங்கும், அணியம் தூக்கும். பின்னால் துரத்தி வரும் அலை எளிதாக உள்ளே ஏறும். மாறாக எல்லாப் பாரத்தையும் முன்னால் கொண்டுபோனால், கரை ஏறும்போது அணியம் அலைக்குள் குத்தும். படகு குறுக்கே திரும்பிக் கவிழக்கூடும்.

ஆகவே விதி எளிது. பயணத்தின்போது எடை மாறும் பொருள்கள், அதாவது ஐஸும் மீனும் வலையும், படகின் நீளவாக்கில் நடுப்பகுதியில் இருக்கணும். முடிந்தவரை தாழ்வாக, இடம் வலம் சமமாக இருக்கணும். காலியாகப் போனாலும் நிறைந்து வந்தாலும் படகு ஒரே மாதிரி உட்காரும்.

ஐஸ் பெட்டி: எவ்வளவு பெரிசு, எங்கே?

நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது பாதுகாப்பான கணக்கு. 200 கிலோ மீன், 200 கிலோ ஐஸ் என்றால் பெட்டியின் உள்ளளவு சுமார் அரை கன மீட்டர் வேணும். பெரிய பெட்டி கட்டினால் பெரிய லாபம் என்று நினைக்கக் கூடாது. இடம் இருந்தால் நிரப்பத் தோன்றும். படகு தாங்கும் அளவைப் பெட்டி தாண்டிவிடும்.

பெட்டி ரொம்ப ஆழமாகவும் இருக்கக் கூடாது. அடியில் கிடக்கும் மீன், மேலே இருக்கும் பாரத்தில் நசுங்கும். நசுங்கிய மீனுக்கு ஏலத்தில் விலை இல்லை. ஆழத்தைக் குறைத்து அகலமாக வைப்பது நல்லது. சுவர்களில் 5 முதல் 7.5 செ.மீ. வரை பி.யூ. ஃபோம் இருக்கட்டும். மூடிக்கும் அதே தடிமன் வேணும். பல பெட்டிகளில் சுவர் தடிமனாக இருக்கும், மூடி வெறும் தகடாக இருக்கும். வெயில் நேராக அடிப்பது மூடியின் மேல்தான்!

ஐஸ் உருகிய தண்ணீர் எங்கே போகும் என்றும் இப்போதே கேளுங்கள். அது ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் இறைக்கும் குழிக்கு நேராகப் போகணும். வலைக்கு அடியில் பரவினால் நாற்றமும் வழுக்கலும் மிச்சம்.

படகுக்குள் ஏறும் தண்ணீர்

6 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் உள்ள தட்டையான தரையில் வெறும் 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் எடை எவ்வளவு? 900 கிலோ! நான்கு ஆட்கள், வலை, ஐஸ் எல்லாம் சேர்ந்த எடையைவிட அதிகம். கணுக்கால் அளவுதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது.

எடையைவிடப் பெரிய ஆபத்து, அந்தத் தண்ணீர் ஓடுவது. படகு இடப்பக்கம் சாய்ந்தால் மொத்தத் தண்ணீரும் இடப்பக்கம் ஓடும். சாய்வு இன்னும் கூடும். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பாருங்கள், புரியும். நீளவாக்கில் நடுவில் ஒரு தடுப்பு போட்டாலே இந்த விளைவு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. இரண்டு தடுப்பு போட்டு மூன்று சம பாகம் ஆக்கினால் ஒன்பதில் ஒரு பங்கு. தடுப்புகளில் அடியில் சிறு துளைகள் இருந்தால் போதும்; தண்ணீர் மெதுவாகக் குழிக்கு வரும், ஆனால் அலைக்கு அலை பாயாது.

இறைக்கும் குழி படகின் தாழ்வான இடத்தில் இருக்கணும். அதைவிட முக்கியம், வலையையோ பெட்டியையோ நகர்த்தாமல் அங்கே வாளி போகணும். மோட்டார் பம்ப் வைத்தாலும் வாளிக்கு வழி விடுங்கள். பேட்டரி நனைந்த பிறகு வாளிதான் பம்ப்.

நிரம்பினாலும் மூழ்காமல் இருக்க

இதைத்தான் பலர் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். படகின் எடை 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முழுக்க நீருக்குள் போனால், நீரின் உந்துதல் போக மிச்சம் சுமார் 270 கிலோ கீழே இழுக்கும். இன்ஜினும் மற்ற இரும்புச் சாமான்களும் சேர்ந்தால் 350 என்று வையுங்கள். நிரம்பிய படகில் பாதி உடம்பு நனைய உட்கார்ந்திருக்கும் நான்கு பேருக்கு இன்னும் 120, 150 கிலோ. ஆக, சுமார் 500 கிலோ தூக்கும் சக்தி வேணும். ஒரு லிட்டர் ஃபோம் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். எனவே 500 லிட்டர், அதாவது அரை கன மீட்டர் ஃபோம்.

அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? இரு பக்கமும் விளிம்பை ஒட்டி 5 மீட்டர் நீளம், 25 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்தில் அடைத்தாலே கணக்கு சரியாகிவிடும். கவனிக்க வேண்டியது, இது விளிம்பை ஒட்டி மேலேதான் இருக்கணும். தரைக்கு அடியில் மட்டும் ஃபோம் அடைத்தால், தண்ணீர் நிரம்பியதும் அடிப்பக்கம் மேலே வரப் பார்க்கும். படகு குப்புறக் கவிழும். பக்கங்களில் உயரமாக இருந்தால் நிமிர்ந்தபடியே மிதக்கும். ஆட்கள் உட்கார்ந்து தண்ணீரை இறைக்கலாம்.

தெர்மாகோல் மலிவு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாலியெஸ்டர் ரெசின் பட்டாலே அது கரையும். பெட்ரோல் பட்டாலும் கரையும். மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் அடைக்கும் நாளில் ஒருவர் பட்டறையில் நிற்பது நல்லது.

வலை, கை, கால்

படகில் வேலை நடப்பது பெரும்பாலும் இருட்டில். அதனால் வலை போகும் பாதையையும் இன்ஜினையும் பிரித்து வையுங்கள். வலை இறங்கும் பக்கத்தில் ஆணி, போல்ட், கொக்கி என எதுவும் துருத்திக்கொண்டு இருக்கக் கூடாது. ஓடும் வலையில் சட்டைப் பொத்தான் மாட்டினாலே ஆளை இழுத்துவிடும்.

வலை இழுக்கும் இடத்தில் விளிம்பின் உயரம், நிற்பவரின் முழங்காலுக்கு மேல், இடுப்புக்குக் கீழ் இருக்கட்டும். குறைந்தால் ஆள் விழுவார். கூடினால் முதுகு போகும். வலையிலிருந்து மீனைக் கழற்றும் இடத்துக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவே இரண்டு எட்டுக்கு மேல் தூரம் வேண்டாம். வெயிலில் கிடக்கும் ஒவ்வொரு நிமிஷமும் மீனின் விலையில் தெரியும்.

‘குறுக்குப் பலகையை எடுத்துட்டா இடம் தாராளமா இருக்குமே?’ என்று தோன்றும். அந்தப் பலகை வெறும் இருக்கை இல்லை. இரண்டு பக்கச் சுவரும் விரியாமல் பிடித்து வைத்திருப்பதே அதுதான். இடம் மாற்றணும் என்றால் மாற்றலாம். ஆனால் எடுத்த பலத்துக்கு ஈடாக வேறு தாங்கு வைக்கணும்.

லைஃப் ஜாக்கெட்டுகள் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும், வலைக்கு அடியில் வேண்டாம். போன், டார்ச், வெளிச்சக் குண்டு வைக்க, படகு கவிழ்ந்தாலும் திறக்காத ஒரு மூடி போட்ட பெட்டி போதும். கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554-ஐ அதன் மூடியிலேயே பெயிண்டில் எழுதிவிடுங்கள். ராத்தங்கலுக்குப் போகும் படகு என்றால், ஒருவர் கால் நீட்டிப் படுக்க ஆறடி இடம் ஒதுக்குங்கள். தூக்கம் இல்லாதவர் ஓட்டும் படகு ஆபத்தானது.

செலவில்லாத இரண்டு சோதனைகள்

ஆர்டர் கொடுக்கும் முன், கரை மணலில் படகை முழு அளவில் கோடு போட்டு வரையுங்கள். பெட்டிக்குப் பதில் கூடை, இன்ஜினுக்குப் பதில் கல். கடலுக்குப் போகிற அதே நான்கு பேரும் உள்ளே நின்று, வலை போடுவது முதல் மீன் அடுக்குவது வரை ஒருமுறை செய்து பார்க்கட்டும். யார் யாரை இடிக்கிறார்கள் என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். இதில் பேச வேண்டியது பணம் போடும் நீங்கள் இல்லை, கடலுக்குப் போகிறவர்கள்.

படகு தயாரானதும் அடுத்த சோதனை. அமைதியான தண்ணீரில் இறக்கி, வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன்களை அடுக்குங்கள். ஒரு கேன் 20 கிலோ. பத்து கேன் என்றால் 200 கிலோ ஐஸ். எழுதிவைத்த எடைக் கணக்கின்படி அந்தந்த இடத்தில் வைத்து, நால்வரும் ஏறுங்கள். படகு சமமாக இருக்கிறதா? இரண்டு பேர் ஒரே பக்கம் போனால் விளிம்புக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்கிறது? அந்த அளவைப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.

பட்டறையோடு பேசியதை எல்லாம் எழுத்தில் வாங்குங்கள்: ஃபோம் எத்தனை லிட்டர், எந்த இடத்தில், தடுப்புகள் எத்தனை, பெட்டிச் சுவரும் மூடியும் எவ்வளவு தடிமன். படகின் நீளம், இன்ஜின் சக்தி ஆகியவை பதிவுக்கும் தேவைப்படும் என்பதால், உள்ளூர் மீன்வளத் துறை அலுவலகத்தில் ஆர்டருக்கு முன்பே விசாரித்துவிடுங்கள். கலரும் பெயரும் கடைசி நாளில்கூட முடிவு செய்யலாம்.