காப்பகம் புகுமுன் நாயின் இயல்பறிதல்

1924ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், உருசியாவின் லெனின்கிராடு நகரில் நேவா ஆறு கரைமீறிப் பெருகியது. உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவின் ஆய்வு நாய்கள் அடைபட்டிருந்த கூண்டுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நீந்தித் தவித்த அவற்றைப் பணியாளர் மீட்டனர். சில நாட்கள் கழித்து ஆய்வு தொடர்ந்தபோது, சில நாய்கள் முன்பு பயிற்சியால் பெற்றிருந்த எதிர்வினைகளான ஆக்கநிலை மறிவினைகளை அடியோடு இழந்திருந்தன. வேறு சில, ஏதும் நேராததுபோல் இயல்பாக இயங்கின. பாதிப்புற்ற நாயொன்று தேறிய பின்னரும், அறைக் கதவின் அடியில் சிறிது நீரைக் கசியவிட்டதும் மீண்டும் நிலைகுலைந்தது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒரே நிகழ்ச்சி ஒவ்வொரு நாயையும் ஒவ்வொரு வகையாகத் தாக்குகிறது. பட்ட அச்சம் ஆறியதாகத் தோன்றினாலும் உள்ளே உறைந்து கிடக்கிறது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ சொந்த ஊர் செல்லும் குடும்பம் தன் நாயைக் காப்பகத்தில் விட்டுச் செல்வது இன்று நம் நகரங்களில் பெருகிவரும் வழக்கம். விடும் முன் அந்நாயின் நடத்தையை மதிப்பிடுதல் ஏன் இன்றியமையாதது என்பதற்கு இவ்விரண்டு உண்மைகளே அடிப்படை.

முதற்படி: உடையவரின் வாய்மொழி

மதிப்பீடு நாயிடமிருந்து தொடங்குவதில்லை. அதனை நாள்தோறும் காண்பவரிடமிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் சேம்சு செர்ப்பெல் என்பாரும் யூயிங் சூ என்பாரும் வகுத்து 2003இல் வெளியிட்ட வினாநிரல் இத்துறையில் பெரிதும் பயன்படுவது. இன்று ஏறத்தாழ 100 வினாக்கள் கொண்ட அது, ‘உங்கள் நாய் நல்லதா?’ என்று ஒருபோதும் கேட்பதில்லை. அயலார் வீட்டுக்குள் வரும்போது என்ன செய்கிறது, உண்ணும் கலத்தருகே மற்றொரு நாய் வந்தால் என்ன செய்கிறது, பேரொலி கேட்டால் எவ்வளவு அஞ்சுகிறது, தனித்து விடப்பட்டால் எப்படி இருக்கிறது எனக் குறிப்பிட்ட சூழல்களைச் சுட்டி, அந்நடத்தையின் அளவைக் குறிக்கச் சொல்கிறது. ‘சாதுவான நாய்’ என்னும் ஒற்றைச் சொல் காப்பாளருக்கு எதையும் உணர்த்தாது. ‘எலும்பு கடிக்கும்போது கிட்டே போனால் உறுமும்’ என்னும் ஒரு தொடரோ ஒரு கடியைத் தடுக்கும்.

வளர்ந்த வரலாறும் இங்கே கேட்டறியத் தக்கது. ஆய்வாளர்கள் சான் பால் சுகாட்டு, சான் புல்லர் ஆகிய இருவரும் அமெரிக்காவின் பார் ஆர்பர் ஆய்வகத்தில் பல்லாண்டு நிகழ்த்திய ஆய்வுகளை 1965இல் நூலாக்கினர். குட்டியின் மூன்றாம் கிழமை தொடங்கிப் பன்னிரண்டாம் கிழமை வரையிலான காலமே பிற உயிர்களோடு இணங்கி வாழக் கற்கும் முதன்மைப் பருவம் என அவர்கள் காட்டினர். அப்பருவத்தில் பிற நாய்களைக் காணாது வளர்ந்த ஒன்றை, வளர்ந்தபின் இருபது நாய்கள் ஓடியாடும் முற்றத்தில் திடீரென விடுதல் பெருந்தவறு.

உடல்நலமும் நடத்தையின் பகுதியே. பிரித்தானிய அறிஞர் தானியல் மில்சும் அவர்தம் குழுவினரும் 2020இல் வெளியிட்ட கட்டுரை, நடத்தைக் கோளாறென்று மருத்துவரிடம் கொண்டுவரப்படும் நாய்களில் மூன்றில் ஒரு பங்கேனும் ஏதோ ஒரு வலியால் துன்புறுவன என மதிப்பிடுகிறது. இடுப்பு வலியுள்ள நாய் தன்மீது பாயும் இளநாயைக் கடிப்பது குணக்கேடு ஆகாது. ஆதலால் தடுப்பூசிச் சான்றோடு மருத்துவரின் உடல் ஆய்வும் வேண்டும்.

இரண்டாம்படி: உடல் உரைப்பன

நாய் தன் நிலையை ஓயாது உடலால் உரைத்துக்கொண்டே இருக்கிறது. நெதர்லாந்தின் உத்ரெக்டு நகர ஆய்வாளர் பேர்தாவும் குழுவினரும் 1990களில், நாய்களைத் திடீர் ஒலி, மேலிருந்து விழும் பை முதலியவற்றிற்கு ஆட்படுத்தி, அவற்றின் உமிழ்நீரில் நெருக்கடியின்போது மிகும் கார்டிசால் என்னும் இயக்குநீரின் அளவையும் நெஞ்சத்துடிப்பையும் நடத்தையையும் ஒருங்கே பதிந்தனர். உடலைத் தாழ்த்துதல், நடுங்குதல், வாயோரம் நக்குதல், கொட்டாவி விடுதல் முதலியன நெருக்கடியின் அடையாளங்களாக இனங்காணப்பட்டன. முன்காலைத் தூக்கி நிற்றல், முகத்தைத் திருப்பிக்கொண்டு விழிவெண்மை தெரிய ஓரப்பார்வை பார்த்தல், உடல் விறைத்து அசைவற்று நிற்றல் ஆகியவற்றையும் பட்டறிந்த காப்பாளர் இவற்றோடு சேர்த்தே நோக்குவர்.

வாலாட்டம் மகிழ்ச்சியின் முத்திரை என்பது பரவலான பிழைக்கருத்து. இத்தாலியின் பாரி பல்கலைக்கழகத்தில் 30 நாய்களைக் கொண்டு நடந்து 2007இல் வெளியான ஆய்வில், உடையவரைக் கண்டபோது வாலாட்டம் வலப்புறம் மிகுந்தது. அறிமுகமற்ற ஆதிக்கம் மிக்க நாயைக் கண்டபோது இடப்புறம் மிகுந்தது. வால் கிளர்ச்சியைக் காட்டுகிறது. அக்கிளர்ச்சி இன்பமா அச்சமா என்பதை உடல் முழுவதையும் நோக்கியே அறிதல் வேண்டும்.

அமைதியும் அவ்வாறே ஏமாற்றும். புதிய இடத்தில் மூலையில் ஒடுங்கி, உணவைத் தொடாது, அழைத்தாலும் திரும்பாது கிடக்கும் நாயை ‘தொல்லையில்லாத நாய்’ என்று குறித்துவிடுவது எளிது. அது அச்சத்தால் முடங்கிய நாய். உறுமும் நாயை அதட்டுவதும் தீங்கே. உறுமல் கடிக்கு முந்திய எச்சரிக்கை. தண்டனையால் எச்சரிக்கை அடங்கும், அச்சம் அடங்காது.

மூன்றாம்படி: சிறுகச் சிறுகப் பழக்குதல்

புதாபெசுட்டு நகரில் ஆய்வாளர் தோப்பாலும் குழுவினரும், மழலையரின் பற்றினை அறிய வகுக்கப்பட்ட புதிய சூழல் சோதனையை 51 நாய்களுக்கும் அவற்றின் உடையவர்க்கும் ஏற்ப மாற்றி நிகழ்த்தி, 1998இல் முடிவுகளை வெளியிட்டனர். உடையவர் அருகிருக்க நாய்கள் மிகுதியாக ஆடின, அறையை ஆராய்ந்தன; அவர் நீங்கியதும் கதவருகே நின்றன. ஆகவே உடையவர் உடனிருக்கையில் நாய் காட்டும் துணிவை மட்டும் கண்டு முடிவுகட்டலாகாது. சிறுபொழுது அவரை வெளியே அனுப்பியும் பார்த்தல் வேண்டும்.

முதலில் வெற்று முற்றத்தில் நாயைத் தன் போக்கில் முகர்ந்து திரியவிட வேண்டும். அடுத்துப் புதிய காப்பாளர் ஒருவர் அமர்ந்திருக்க, நாய் தானே அணுகுகிறதா எனப் பார்க்க வேண்டும். தொடுதல், வார்பிடித்து நடத்துதல், உணவளித்தல் ஆகியன அதன்பின் வரும். பிற நாயோடு அறிமுகம் வேலிக்கு அப்பாலிருந்து தொடங்கி, இடைவெளி விட்டு இணையாக நடத்தி, இறுதியில் அமைதியான முதிர்ந்த நாய் ஒன்றோடு அமைதல் நன்று. விளையாட்டில் முன்கால்களை நீட்டி நெஞ்சைத் தாழ்த்தும் குனிவினை அமெரிக்க விலங்கியலார் மார்க்கு பெக்காப்பு விரிவாக ஆராய்ந்தார். பிழையாகக் கொள்ளத்தக்க கடிக்கு முன்போ பின்போ இக்குனிவு வருகிறது என 1995இல் அவர் எழுதினார். இக்குனிவும், துரத்துவதும் துரத்தப்படுவதும் மாறிமாறி நிகழ்தலும் உண்மையான விளையாட்டின் அறிகுறிகள். ஒன்றே ஓயாது துரத்த மற்றொன்று ஒளிய இடம் தேடினால் அதனை உடனே நிறுத்த வேண்டும். இவை இனிது முடிந்தபின், காப்பகத்தில் தங்கும் நேரத்தை அரைநாள், பிறகு ஓர் இரவு என நீட்டிக்கலாம்.

ஒருநாள் தேர்வின் எல்லை

100 நாய்களுள் 10 மட்டுமே உண்மையில் கடிக்கும் தன்மையன எனக் கொள்வோம். பத்துக்கு எட்டு முறை சரியாகச் சொல்லும் ஒரு சோதனை அந்தப் பத்தில் 8ஐக் கண்டுபிடிக்கும். ஆனால் எஞ்சிய 90இல் 18ஐயும் கடிநாய் என்று பிழையாகக் குறிக்கும். குறிக்கப்பட்ட 26இல் 18 பழியற்றவை. ஆய்வாளர்கள் பாத்ரோனெக்கு, பிராட்லி ஆகியோர் 2016இல் இத்தகைய கணக்கினைக் கொண்டே, கைவிடப்பட்ட நாய்களைப் பேணும் அடைக்கலமனைகளின் ஒற்றைச் சோதனைகளால் நாயின் தலைவிதியை முடிவுசெய்தலைக் கண்டித்தனர்.

இடமும் காலமும் நாயை மாற்றுகின்றன. அமெரிக்காவின் ஒகாயோ மாநில அடைக்கலமனை ஒன்றில் ஆய்வாளர் என்னெசியும் குழுவினரும் எடுத்து 1997இல் வெளியிட்ட அளவீடுகளில், வந்துசேர்ந்த முதல் மூன்று நாட்களில் நாய்களின் குருதியில் கார்டிசால் மிகுந்திருந்தது. முதல் மணிநேரத்தில் காணும் நாய் வேறு. நான்காம் நாள் காணும் நாய் வேறு. எனவே மதிப்பீடு ஒருநாளில் முடிவதன்று. தங்கும் நாளெல்லாம் தொடர்வது.

சில நாய்கள் கூட்டத்திற்கு ஏற்றவையே அல்ல. வீட்டையும் தோட்டத்தையும் காக்க வளர்க்கப்பட்ட இராசபாளையம், கோம்பை இன நாய்களுள் பல தம் குடும்பத்தோடு ஒன்றி, அயலாரை ஐயுறுவன. அது பிழையன்று, அவ்வினங்களின் தொழில். அத்தகையவற்றிற்குத் தனிக்கூடமும் ஒரே காப்பாளரும், அல்லது அறிந்தவர் ஒருவர் வீட்டிற்கே வந்து பார்த்துக்கொள்வதும் தக்கன. ‘இந்நாய்க்குக் கூட்டம் ஒவ்வாது’ எனக் கண்டறிவதும் மதிப்பீட்டின் வெற்றியே. இங்கிலாந்தில் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி நாய்க் காப்பகங்களும் பகல்நேரக் காப்பகங்களும் உரிமம் பெற்றே இயங்க வேண்டும். நம் நாட்டிலும் அத்தகைய ஒழுங்கு உறுதிபெற வேண்டும்.

நாய் வளர்ப்போரே, பயணச்சீட்டு எடுக்கும் நாளிலேயே காப்பகம் தேடுங்கள். உங்கள் நாயின் அச்சங்களையும் முன்பு கடித்த நிகழ்வுகளையும் ஒளியாது கூறுங்கள். ஒரு வினாவும் கேளாமல், ஒருமுறையும் பழக்கிப் பாராமல் ‘விட்டுச் செல்லுங்கள், பார்த்துக்கொள்கிறோம்’ என்னும் இடத்தில் உங்கள் நாயை விடாதீர்கள்.