திரிபலா சூரணம்: ஸஹரிலா, இரவிலா?



ரமளானில் சாப்பாட்டு நேரம் மாறுகிறது; குடிக்கும் தண்ணீரும் குறைகிறது. மலச்சிக்கலுக்குத் திரிபலா சூரணம் சாப்பிடும் பெரியவர்கள், "ஸஹரில் சாப்பிடலாமா?" என்று எங்களிடம் கேட்கிறார்கள்.

வேண்டாம் என்பதே எங்கள் பதில். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த இந்தப் பொடி சில மணி நேரம் கழித்தே குடலை இளக்கும். ஸஹரில் சாப்பிட்டால் பகலில் வயிறு போகலாம். இழந்த நீரை மஃரிப் வரை ஈடுசெய்ய வழியில்லை. தலைசுற்றி, நோன்பை முறிக்கும் நிலை வரலாம்.

தராவீஹ் முடிந்து படுக்கப் போகும் முன் அரை டீஸ்பூன் பொடியை வெந்நீரில் கலந்து குடிப்பதே நல்லது. பெரும்பாலும் காலையில் வயிறு சுத்தமாகிவிடும். இஃப்தாரிலிருந்து ஸஹர் வரை அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள். வடை, பஜ்ஜியைக் குறைத்துப் பழங்களைச் சேருங்கள். சிலருக்குச் சூரணமே தேவைப்படாது.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். மலத்தில் ரத்தம் கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. உபாதையை மறைத்து உடலை வருத்த வேண்டாம்.