சைக்கிள் கனமா? சுமை கனமா?

"இரும்புச் சைக்கிள் கனமா இருக்குண்ணே, மேடு ஏற முடியல. தவணையில லேசான சைக்கிள் வாங்கட்டுமா?" என்று தோட்டத் தம்பி ஒருவர் கேட்டார்.

கணக்குப் பார்ப்போம். ஆள் 60 கிலோ, பழைய சைக்கிள் 20 கிலோ, ஆக 80. புதுசு 10 கிலோ என்றால் 70. பினாங்கில் ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைப்பாதையில் ஏறினால், எட்டில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். ஆனால் பின்னால் 40 கிலோ சுமை கட்டினால், மிச்சமானதைப்போல் நாலு மடங்கு கூடிவிடும்!

லேசான சைக்கிள் பலவற்றுக்கு டயர் மெல்லிசு; செம்மண் பாதையில் முதுகு நோகும். பழையதின் தடித்த டயரும் ஸ்பிரிங் சீட்டும் குலுக்கலைத் தாங்கும்.

டயருக்குக் காற்றடியுங்கள், சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள், சுமையைக் குறையுங்கள். முடியாத மேட்டில் இறங்கித் தள்ளுங்கள், வெட்கம் எதற்கு? சைக்கிளைவிடக் கடன்தான் கனம்!