உப்புக் காற்றில் நிற்கும் உலோக மரவேலி

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரையில், பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியை ஒட்டிப் பரந்து கிடக்கும் உப்பளங்களின் ஊடே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில், வேலி என்றால் சவுக்குக் கழிகளை நட்டுப் பனைமட்டையை வரிந்து கட்டுவது என்பதே நெடுநாளைய வழக்கமாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழிகள் மண்ணோடு ஒட்டிய இடத்தில் இற்றுப்போவதும், அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக நடுவதும் அந்த வழக்கத்தின் பகுதியே. இன்று அதே சாலையின் விடுதிகளிலும் ஓய்வில்லங்களிலும் தேக்கின் நிறமும் ரேகையும் கொண்ட பலகை வேலிகள் தென்படுகின்றன. அவற்றுள் பல மரத்தால் ஆனவை அல்ல, உள்ளே வெற்றிடம் கொண்ட அலுமினியக் குழாய்களால் ஆனவை. மரத்தின் முகத்தை உலோகத்துக்கு எப்படித் தருகிறார்கள் என்பது சுவையான கேள்விதான் என்றாலும், இத்தகைய கடற்கரையில் அதைவிட முதன்மையான கேள்வி, மரத்திலிருந்து எதைக் கடன் வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்பதாகும்.

ஒரு பொருளில் வேலி அமைத்து அதை மரவேலி போலக் காட்டும் கலை இந்தியாவுக்குப் புதிதன்று. மத்தியப் பிரதேசத்தின் சாஞ்சியில் உள்ள பெரிய தூபியைச் சுற்றி நிற்கும் கல் வேலி, கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் நிமிர்ந்த தூண்களில் துளையிட்டு, கிடைக்கல்லின் முனையைக் கழுந்தாகச் செதுக்கிச் செருகி, மேலே ஒரு முடிக்கல்லைப் பொருத்தியிருக்கிறார்கள். அந்தத் துளையும் கழுந்தும் தச்சருக்குரியவை. கற்சிற்பி மரவேலியின் தோற்றத்தோடு அதன் மூட்டுகளையும் சேர்த்தே படியெடுத்தார். மரக்காணத்திலிருந்து அதே சாலையில் வடக்கே சென்றால் வரும் மாமல்லபுரத்தில், பல்லவர் காலத்துத் திரௌபதி ரதம் கூரைக் குடிசையைக் கல்லில் காட்டுகிறது. பிரான்சில் ஜோசப் மோனியர் 1875இல் ஷாசலே என்னும் இடத்தில் கட்டிய, இரும்புக் கம்பி பதித்த காங்கிரீட் பாலத்தின் கைப்பிடிகளும் மரக்கிளைகள் போலவே அமைக்கப்பட்டன. கல், மூட்டுகளில் தண்ணீர் தேங்கினாலும் பல நூற்றாண்டுகள் பொறுத்துக்கொள்ளும். உலோகத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. உப்பளத்தை ஒட்டி நிற்கும் உலோகத்துக்கோ சற்றும் இல்லை.

இதற்குக் காரணம் உப்பின் ஒரு குணம். சில உப்புகள், காற்றின் ஈரப்பதம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் அந்த ஈரத்தைத் தாமே உறிஞ்சிக் கரைசலாக மாறிவிடுகின்றன. சமையல் உப்பான சோடியம் குளோரைடுக்கு அந்த எல்லை சுமார் 75 சதவீத ஈரப்பதம்; ஆகவே உச்சிவெயிலில் அது உலர்ந்து கிடக்க வாய்ப்புண்டு. ஆனால் கடல்நீரில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. பாத்தியில் உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் செறிந்து நிற்பது இதுதான். இதன் எல்லை ஏறத்தாழ 33 சதவீதமே. கடலோரக் காற்று அந்த அளவுக்கு வறண்டுபோகும் வேளை மிக அரிது என்பதால், அலை உடையும்போது தெறித்துக் காற்றில் மிதந்து வந்து படியும் துளிகளும், அளங்களிலிருந்து காற்று எழுப்பும் உப்புத் துகளும் வேலியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஈரப் படலத்தை இரவும் பகலும் காத்துவருகின்றன. மின்னோட்டம் கடத்தும் இந்தப் படலமே அரிமானத்துக்கு, அதாவது உலோகம் தன் அணுக்களை அயனிகளாக இழந்து கரையும் மின்வேதி நிகழ்வுக்கு, வேண்டிய ஊடகம். உப்பளத் தொழிலாளர்கள் உப்பை வாருவதற்கு மரப்பலகையைக் கையாள்வதில் இந்த வேதியியல் அடங்கியிருக்கிறது. இரும்பு இங்கே விரைவில் துருப்பிடிப்பதோடு உப்பையும் கறைப்படுத்திவிடும்.

சூழல்களை அவற்றின் அரிக்கும் தன்மையால் வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 9223 என்னும் பன்னாட்டுத் தரநிலை, கடலோரம் போன்ற ஐந்தாம் வகுப்புச் சூழலில் காப்பில்லாத சாதாரண எஃகு முதல் ஆண்டில் 80 முதல் 200 மைக்ரான் வரை தேயும் என்கிறது; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேல் எல்லையைக் கொண்டால், 2 மி.மீ. தடிப்புள்ள சதுரக் குழாய் ஓராண்டில் பத்தில் ஒரு பங்கை இழக்கும். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த குழாயில் படியும் பூச்சு இந்தத் தடிப்புக்குச் சராசரியாக 55 மைக்ரான். அதே சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை தேயும் என்பதால், அந்தப் பூச்சு தனித்து நின்றால் ஏழு முதல் பதின்மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். அதன்மேல் பவுடர் கோட்டிங்கும் சேர்ந்தால் ஆயுள் கூடும்; ஆனால் துத்தநாகம் பூசியபின் வெல்டிங் செய்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்துபோகிறது, பட்டறைகளில் பெரும்பாலும் நடப்பதும் அதுதான். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குப் பாலிசிலோக்சேன் என்னும் சிறப்புப் பூச்சு தேவைப்பட்டதை நினைத்தால், கடலோர எஃகைச் சாதாரண எனாமல் பெயின்ட்டை நம்பி விடுவது எவ்வளவு பேதைமை என்பது விளங்கும்.

மரத்தின் பழுப்பு நிறம் இயல்பாகவே வேண்டும் என்று விரும்புவோர் நாடும் இன்னொரு பொருள், தன் துருவையே காப்பாகக் கொள்ளும் வானிலை எஃகு. உள்நாட்டில் அது நன்று. கடலோரத்தில் குளோரைடு அந்தத் துருப்படலத்தை இறுக விடுவதில்லை. ஹவாய் மாநிலத்தில் 1975இல் இந்த எஃகால் எழுப்பப்பட்ட அலோஹா விளையாட்டரங்கில் துரு நிற்கவே இல்லை. மரக்காணத்துக்கு அது ஆகாது.

எஞ்சுவது அலுமினியம். காற்று பட்டதும் அதன்மேல் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம் பெரும்பாலான சூழல்களில் போதுமான காவல். மரரேகை அதன்மேல் ஏறும் முறை இப்படி: பலகை வடிவில் பிதுக்கியெடுத்த குழாயைத் துலக்கி வேதிக் கரைசலில் பதப்படுத்தி, மரத்தின் அடிநிறத்தில் சுமார் 60 முதல் 80 மைக்ரான் பவுடர் பூச்சிட்டுச் சூளையில் இறுகவைக்கிறார்கள். பின்னர் தேக்கின் ரேகையும் கணுவும் அச்சிட்ட படலத்தை அதன்மேல் சுற்றி, இடையிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்கிறார்கள். அப்போது படலத்தின் சாயம் பதங்கமாகிறது, அதாவது திரவமாகாமலே திண்மத்திலிருந்து வாயுவாகிப் பூச்சுக்குள் ஊடுருவி உறைகிறது. ரேகை மேலே ஒட்டப்படவில்லை, பூச்சுக்குள் இறங்கியிருக்கிறது என்பதால் உரிந்து வராது. ஆனால் மலிவான சாயமும் மலிவான பவுடரும் கூடினால் புற ஊதாக் கதிரில் வெளுத்துப்போகும். மெய்யான மரமும் வெயிலில் நரைக்கும், ஆயினும் அந்த நரைக்கு ஓர் அழகு உண்டு. வெளுத்த அச்சுக்கு அது கிடையாது. கண்ணை ஏமாற்றுவதில் மிகப் பெரிய இடறல், ஒரே கணு எல்லாப் பலகையிலும் ஒரே உயரத்தில் வருவதுதான்; படலத்தை வெவ்வேறு இடத்தில் தொடங்கிச் சுற்றினாலே இது தீரும்.

மரத்தின் கட்டுமானத்தைப் படியெடுக்கக் கூடாது என்பது மூட்டுகளில்தான் தெளிவாகிறது. மரப்பலகை ஈரத்தால் குறுக்கே வீங்கும், நீளத்தில் அசையாது. அலுமினியமோ வெப்பத்தால் நீளும். 3 மீட்டர் பலகை 25 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடேறினால் சுமார் 2.4 மி.மீ. நீளும்; மரம் அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே நீளும். ஆகவே திருகுத் துளைகள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்க வேண்டும். பலகை மேல் பலகையைப் படியவைத்து ஆணி அடிப்பது தச்சுக்கு அழகு. உலோகத்தில் அந்த இடுக்கில் உப்புநீர் தங்கி, உயிர்வளி எட்டாத உட்பகுதி வேகமாக அரிக்கப்படும். அலுமினியத்தில் சாதாரண எஃகுத் திருகு போட்டால், உப்பு ஈரத்தில் இரண்டும் மின்கலமாக இணைந்து, திருகு துருப்பிடிப்பதோடு அலுமினியமும் கரையத் தொடங்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகும் நைலான் வாஷரும் இதற்கு மாற்று. தூணை ஈரக் காங்கிரீட்டில் நேரடியாகப் புதைப்பதும் தவறு, ஏனெனில் சிமென்ட்டின் காரம் ஆக்சைடு காவலைக் கரைத்துவிடும்; தார்ப்பூச்சு இட வேண்டும், அல்லது அடித்தகட்டை போல்ட் கொண்டு பிணைக்க வேண்டும். வெட்டிய முனைகளுக்கும் மூடியும் பூச்சும் வேண்டும். பூச்சுக்கு அடியில் அரிமானம் நூல் நூலாக ஊர்ந்து செல்வது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

காற்றையும் மறக்கலாகாது. 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரிக்கு வடக்கே இந்தக் கடற்கரையைத்தான் கடந்தது. இந்தியத் தரநிலை சென்னை, புதுச்சேரிக் கடலோரத்துக்குக் கொள்ளும் அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர். திருத்தங்கள் சேர்க்காத கணக்கில் இது சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். 2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உள்ள இடைவெளியற்ற வேலி கப்பற்பாய் போல 450 கிலோ சுமையை ஏற்கும். பலகைகளுக்கு இடையே விரற்கடை இடைவெளி விடுவது அழகுக்காக மட்டும் அன்று.

வேலியை நட்டபின் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழை உப்பைக் கழுவிவிடும். ஆனால் உப்பு விளையும் மாதங்கள் மழையில்லா மாதங்கள், படிவு கூடிக்கொண்டே போகும். மழை படாத கிடைப்பலகையின் அடிப்பக்கமோ ஆண்டு முழுதும் கழுவப்படுவதில்லை, அரிமானம் முதலில் தென்படுவதும் அங்கேதான். ஆதலால் இக்கடற்கரையில் உலோக மரவேலி அமைப்போர், தை முதல் புரட்டாசி வரை மாதம் ஒருமுறையேனும் நல்ல தண்ணீரால் அதைக் கழுவ வேண்டும்; குழாயின் வாய் மேற்புறத்தைவிட அடிப்புறத்தை நோக்கி இருக்கட்டும்.